மிச்சச் சாமானுக்கு ஒரு வரி எழுதுங்கள்: குமரி மாவட்டத்தில் நாள் வாடகைக்கு வீடு விடுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள வீட்டுக்காரர்களுக்கு,

வணக்கம். கன்னியாகுமரி, முட்டம், திற்பரப்பு, தக்கலை, நாகர்கோவில் என்று நம் மாவட்டத்தில் அடுக்களையோடு கூடிய வீடுகளைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விடும் எல்லாருக்கும் இந்த மடல். உங்களில் பலர் வளைகுடாவிலோ சென்னையிலோ இருப்பீர்கள். வீட்டைக் கட்டியது ஓய்வு பெற்றபின் வந்து உட்கார. அதுவரை சும்மா கிடப்பதற்கு நாலு பேர் தங்கட்டும் என்று விட்டிருப்பீர்கள். நானும் அப்படி வெளியூரில் இருக்கும் சொந்தக்காரர்கள் சிலரின் வீடுகளைப் பார்த்துக்கொள்கிறவள்தான். சாவி கொடுப்பது, வாங்குவது, மோட்டார் ஓடவில்லை என்றால் ஆளைக் கூட்டிவருவது எல்லாம் என் பொறுப்பு. ஆட்கள் காலி செய்து போனதும் அடுக்களைக்குள் முதலில் நுழைவது நான், இல்லையென்றால் சுத்தம் செய்ய வரும் அக்கா. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

விஷயம் சின்னதுதான். தங்க வருகிறவர்கள் பலசரக்கு வாங்கிச் சமைக்கிறார்கள், மீதியை விட்டுவிட்டுப் போகிறார்கள். அந்த மீதி அடுத்து வருகிறவருக்கா, சுத்தம் செய்கிற அக்காவுக்கா, குப்பைக்கா? உங்கள் விதித் தாளைப் பாருங்கள். சிகரெட் கூடாது, பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது, துண்டில் மருதாணிக் கறை படக்கூடாது என்றெல்லாம் இருக்கும். மிச்ச அரிசியை என்ன செய்வது என்று ஒரு வரி இருக்காது. இந்த மடல் கேட்பது அந்த ஒரு வரியைத்தான். எதை விட்டுப்போகலாம், எங்கே வைக்கவேண்டும், எதைக் கட்டாயம் அப்புறப்படுத்தவேண்டும் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட வேண்டும். அதைத் தங்குகிறவரின் நல்ல மனசுக்கு விட்டதால்தான் இத்தனை குழப்பமும்.

நல்ல மனசு இல்லை என்று நான் சொல்லவே மாட்டேன். மிச்சம் விழுவதற்குப் பேராசையும் காரணமில்லை, பாக்கெட்டின் அளவுதான் காரணம். மூன்று நாள் தங்குகிற குடும்பத்துக்கு எதற்கு ஒரு கிலோ உப்பு? ஆனால் கடையில் உப்பு கிலோவாகத்தான் இருக்கிறது. எண்ணெய் அரை லிட்டருக்குக் குறைந்து நல்லதாகக் கிடைப்பது அபூர்வம். அதனால் எந்த வீட்டு அடுக்களை அலமாரியைத் திறந்தாலும் திறந்த உப்புப் பாக்கெட் நாலைந்து வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றும் ஒரு கை அள்ளிய அளவு மட்டும் குறைந்திருக்கும். திருவனந்தபுரத்தில் விமானம் ஏறுகிறவர்களைக் கேட்கவே வேண்டாம். கைப்பையில் திரவம் கொண்டுபோகக் கட்டுப்பாடு உண்டு, பெட்டிக்கு எடைக் கட்டுப்பாடு வேறு. எண்ணெயையும் தேனையும் வைத்துவிட்டுத்தான் போவார்கள்.

யார் எதை விட்டுப்போகிறார்கள் என்பதில் ஒரு ரசம் உண்டு. வங்காளத்திலிருந்து வருகிறவர்கள் கடுகெண்ணெயை ஊரிலிருந்தே கொண்டு வருவார்கள், போகும்போது பாதி பாட்டில் நிற்கும். வடக்கே இருந்து வருகிற மற்றவர்களிடம் கோதுமை மாவு. சென்னைக்காரர்கள் வடசேரிச் சந்தைக்குப் போய்விட்டு வரும் வழியில் நம் ஊர்ச் சம்பா அரிசியைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்குவார்கள். சிவந்து, தடித்து, வேக நேரமெடுக்கும் அரிசி. ஒரு வேளை வடித்துப் பார்த்துவிட்டு அடுத்த வேளைக்கு ஓட்டலுக்குப் போய்விடுவார்கள், மீதி மூட்டை நமக்கு. மரச்சீனிக் கிழங்கும் அப்படித்தான். வாங்கும்போது இருக்கிற உற்சாகம் தோலை உரிக்கும்போது இருப்பதில்லை. மட்டிப் பழக் குலையைப் பற்றித் தனியாகவே ஒரு மடல் எழுதலாம். 2023இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு அதற்கு மவுசு கூடிவிட்டது. ஒரு சீப்பு போதுமென்ற குடும்பம் குலையாகத் தூக்கிவரும், இரண்டே நாளில் எல்லாம் ஒன்றாகப் பழுக்கும், சன்னல் முழுக்கப் பழ ஈ மொய்க்கும்.

அப்புறம் கார்த்திகை வந்தால் சாமிமார் சீசன். ஆந்திராவிலிருந்தும் கர்நாடகாவிலிருந்தும் வேன் வேனாக வருவார்கள். சமையல்காரர், அண்டா, அடுப்பு, காய்கறி எல்லாம் கூடவே வரும். சபரிமலை முடித்துவிட்டு இங்கே வருகிற குழுவாக இருந்தால் குமரிதான் கடைசி ஊர். மிஞ்சியதைத் திரும்பச் சுமந்துகொண்டு போக யாருக்கும் தெம்பிருக்காது. அரை மூட்டை பச்சரிசி, நறுக்கி வைத்த பூசணி, ஒரு டின் நெய், கொஞ்சம் சூடம். "அம்மா, யாருக்காவது கொடுங்கள்" என்று கும்பிட்டுவிட்டுப் போவார்கள். அந்தக் கும்பிடுக்கு என்ன பதில் சொல்வது? வாங்கி வைத்துக்கொள்வோம். ஆனால் நறுக்கிய பூசணி அடுத்த நாளைக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். பிரிட்ஜ்.

உங்களுக்கே தெரிந்த ஒரு வழக்கத்தைச் சொல்கிறேன். ஒரு குழு காலி செய்து, அடுத்த குழு வர நாலு நாள் இருந்தால், மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுக் கதவைப் பூட்டுகிறோம். காலி வீட்டுக்கு எதற்குக் கரண்ட் பில் என்ற கணக்கு நியாயமானதுதான். அடுத்த ஆட்கள் வரும் அன்று காலையில் போய் மறுபடி போடுகிறோம். அவர்கள் வந்து கதவைத் திறக்கும்போது பிரிட்ஜ் சில்லென்று இருக்கும், உள்ளே முந்தின குழு அன்போடு விட்டுப்போன பால், தயிர், தோசை மாவு, பொட்டலம் கட்டிய மீன் எல்லாம் பத்திரமாக இருப்பதுபோலத் தெரியும். நடுவில் நாலு நாள் அது வெறும் இரும்பு அலமாரியாக நின்றது என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? உணவில் கிருமி பெருகுவதற்கு வசதியான சூடு 5 டிகிரியிலிருந்து 60 டிகிரி வரை. நம் ஊரில் கரண்ட் இல்லாத பிரிட்ஜுக்குள் இருக்கும் சூடு அதற்கு நடுவில், கிருமிக்கு மிகவும் பிடித்த இடத்தில்தான் நிற்கும். மறுபடி குளிர்ந்தால் பெருக்கம் மெதுவாகும். பெருகியது குறைந்துவிடாது.

பால் கெட்டால் முகர்ந்தாலே தெரிந்துவிடும். மாவு பொங்கிப் பாத்திரத்தின் மூடியைத் தள்ளிவிட்டுக் கீழ்த்தட்டு வரை வழிந்திருந்தால் பார்த்தாலே தெரியும். எனக்குப் பயமெல்லாம் தெரியாமல் கெடுகிறவற்றைப் பற்றித்தான். சோறு ஒன்று. வடித்த சோற்றை மணிக்கணக்கில் வெளியே வைத்துவிட்டு அப்புறம் பிரிட்ஜில் வைத்தால், அதில் வளரும் ஒருவகைக் கிருமி விடும் நஞ்சு திரும்பச் சுடவைத்தாலும் போகாது. எலுமிச்சைச் சாதம் கிளறிவிட்டால் வாசனையிலும் பிடிபடாது.

மீன் இன்னொன்று, நம் மாவட்டத்துக்கு இது ரொம்பப் பொருந்தும். முட்டத்திலோ குளச்சலிலோ காலையில் படகு வந்து இறங்குகிற நேரத்தில் நின்று, கண்ணெதிரே ஏலம் போவதைப் பார்த்து, ஆசையில் அதிகமாக வாங்கிவிடுவார்கள். சூரை, அயிலை, சாளை எல்லாம் சூட்டில் கிடந்தால் அவற்றின் சதையில் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகும். ஒருமுறை உண்டானால் குழம்பாகக் கொதித்தாலும் வறுத்தாலும் அது போகாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவக்கும், உடம்பு அரிக்கும், தலை வலிக்கும், நெஞ்சு படபடக்கும். மீன் ஒத்துக்கொள்ளவில்லை, நாங்கள் மலைப்பக்கத்து ஆட்கள் என்று அவர்கள் சமாதானம் சொல்லிக்கொள்வார்கள். மெயின் சுவிட்ச் அணைந்திருந்த கதை நமக்குத்தான் தெரியும்.

ஆகவே இந்த ஒன்றில் நான் கறார். பிரிட்ஜும் பிரீசரும் காலியாகத்தான் கை மாறவேண்டும். திறக்காத பாக்கெட்டாக இருந்தாலும் சரி, நேற்று வாங்கிய ஆவின் பாலாக இருந்தாலும் சரி. போகிறவர்கள் எடுத்துப்போகட்டும், இல்லையென்றால் போகும் அன்று சாவி வாங்க வருகிறவரிடம் நேரில் கொடுத்துச் சொல்லட்டும். அன்றைக்கே கைக்கு வரும் பாலில் ஒரு காபி போட்டுக் குடித்துவிடுவோம், அதில் ஒரு வில்லங்கமும் இல்லை. நேரில் கொடுக்கும் பாலுக்கும் பிரிட்ஜில் விட்டுப்போகும் பாலுக்கும் நடுவில் இருப்பது ஒரு வார்த்தைதான். அந்த வார்த்தை சொல்லப்படாமல் போவதுதான் பிரச்சினை. தேங்காய் மூடியையும் இதிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். நம் ஊர்ச் சமையலுக்குத் தேங்காய் இல்லாமல் ஒன்றும் ஓடாது என்று கேள்விப்பட்டு ஒரேயடியாக உடைத்துத் துருவி வைத்துவிடுவார்கள். அவியலுக்கு வேண்டியதைத் துருவினால் போதும், முழுத் தேங்காயாக விட்டால் அடுத்தவருக்கு உதவும்.

அலமாரியில் வைக்கும் உலர்ந்த சாமான்களுக்கு வருகிறேன். இதில் நான் தாராளம். முத்திரை பிரிக்காத உப்பு, சீனி, அரிசி, பருப்பு, தேயிலை, முழு மல்லி, நல்லமிளகு, மூடி திறக்காத எண்ணெய் இதெல்லாம் அடுத்தவருக்கு உண்மையாகவே உபகாரம். ராத்திரி பதினொரு மணிக்கு ரயில் தாமதமாகி, கைக்குழந்தையோடு வந்து இறங்குகிறவர்களுக்கு ஒரு கை அரிசியும் உப்பும் கிடைத்தால் கஞ்சி வைத்துவிடலாம். அந்த நேரத்தில் எந்தக் கடை திறந்திருக்கும்? திப்ருகரிலிருந்து வரும் விவேக் எக்ஸ்பிரஸ் 4,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடிக் கன்னியாகுமரியில் வந்து நிற்கிறது. அதில் வந்து இறங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? அவர்களுக்கு முதல் தேவை குளியல். அடுத்தது கொஞ்சம் டீத்தூளும் சீனியும்.

ஆனால் திறந்த பாக்கெட்டின் நிலைமை வேறு. பாக்கெட்டின் மேல் அச்சடித்த தேதி பாக்கெட் பிரிக்காதவரைக்கும்தான். பிரித்துவிட்டால் கணக்கு மாறிவிடும், நம் கடற்காற்றில் சீக்கிரமே மாறும். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டுமே நனைத்துவிட்டுப் போகிற மாவட்டம் இது. ஜூனிலிருந்து டிசம்பர் வரை அடுக்களையில் ஈரம் இல்லாத நாள் குறைவு. உப்பு கசியும், சீனி கட்டியாகும், கருப்பட்டி வியர்த்து அலமாரிப் பலகையோடு ஒட்டிக்கொள்ளும், ரவையில் வண்டு ஓடும், மிளகாய்ப்பொடி பூஞ்சை பிடிக்கும். ரப்பர் பேண்டு போட்டு மடித்துவைத்த பாக்கெட்டால் இதில் எதையும் தடுக்க முடியாது. வீட்டுக்காரர்களாகிய நீங்கள் இறுக்கமாக மூடும் டப்பா ஐந்தாறு வாங்கி வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். எவர்சில்வரோ கண்ணாடியோ, எதுவானாலும் சரி. பெரிய செலவில்லை, சுவரில் மாட்டுகிற சூரியோதயப் படத்தைவிட மலிவு.

டப்பாவின் மேல் பெயர் இருக்கவேண்டும். இதை நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. உப்பு, சீனி, ஆப்ப சோடா, கோலப்பொடி, சலவைத்தூள் எல்லாம் வெள்ளையாக இருக்கும். ஆட்கள் விட்டுப்போகிற பழைய பாட்டில்களில் எதை எதில் கொட்டிவைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. குடிதண்ணீர் பாட்டிலில் பினாயில் ஊற்றி வைக்கும் பழக்கம் நம்மிடமே இருக்கிறது, அதை முதலில் நிறுத்துவோம். சூடத்தைப் பற்றி முன்பே சொன்னேன். சாமிமார் விட்டுப்போகும் சூடக்கட்டி பார்ப்பதற்குக் கற்கண்டு மாதிரியே இருக்கும். சின்னக் குழந்தை ஒன்றிரண்டு கட்டியை விழுங்கினால்கூட வலிப்பு வரும் அளவுக்கு அது நஞ்சு. பூஜைச் சாமானைச் சமையல் அலமாரியில் வைக்கவே கூடாது. யாராவது வைத்திருந்தால் அன்றைக்கே எடுத்துவிட வேண்டும். மாத்திரை அட்டைக்கும் இதே விதி. காய்ச்சலுக்கு யாருக்காவது உதவும் என்று பாதி அட்டையை அலமாரியில் செருகிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அந்த உதவி வேண்டாம்.

அடுத்து எச்சில் விவகாரம். சில குடும்பங்கள் வந்ததும் அலமாரியைத் திறந்து பார்த்து முகம் சுளிப்பார்கள். "யாரோ சாப்பிட்ட மிச்சத்தை எடுத்து வைத்திருக்கிறீர்களே" என்பார்கள். ஊறுகாய் பாட்டிலுக்குள் ஈரக் கரண்டி போய்வந்த அடையாளம் இருந்தால் அவர்கள் சொல்வது சரி. கையும் கரண்டியும் பட்ட எதையும், அதாவது ஊறுகாய், ஜாம், தேன், பாதி நெய், இவற்றை அடுத்தவருக்கு விடக்கூடாது. இதற்கு மேல் விவாதம் வேண்டாம். ஒருமுறை பொரித்த எண்ணெயை வடிகட்டி, பாட்டிலில் ஊற்றி, "நல்ல எண்ணெய்தான்" என்று வைத்துப் போகிறவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

ஆனால் முத்திரை பிரிக்காத பாக்கெட்டைப் பார்த்தும் முகம் சுளிப்பது வேறு கதை. யார் வாங்கியது, எந்த ஆட்கள் தங்கியிருந்தார்கள் என்று துருவிக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கேட்க வருவது வேறொன்று என்பது உங்களுக்கும் புரியும், எனக்கும் புரியும். முத்திரிக் கிணறு வெட்டி எல்லாச் சாதியும் ஒரே தண்ணீரைப் புழங்கவைத்த வைகுண்டர் சுவாமிதோப்பில் இருந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில். இந்த மண்ணில் வீடு வைத்துக்கொண்டு அந்தக் கேள்விக்கு நாம் பதில் சொல்ல வேண்டியதில்லை. "பிடிக்கவில்லை என்றால் தொடவேண்டாம், கடை பக்கத்தில்தான்" என்று சொன்னால் போதும். நான் அப்படித்தான் சொல்கிறேன். அதற்காக யாரும் மதிப்பெண்ணைக் குறைத்தால் குறைத்துக்கொள்ளட்டும்.

சைவ, அசைவப் பிரச்சினையை இதோடு போட்டுக் குழப்பக் கூடாது. மாலை போட்டு விரதம் இருக்கிறவர், வெங்காயம் பூண்டுகூடச் சேர்க்காத குடும்பம், இவர்கள் அலமாரியைத் திறந்ததும் கருவாட்டு வாசனை முகத்தில் அடித்தால் அது அவர்களுக்கு நிஜமான சங்கடம். நெத்திலிக் கருவாட்டைச் சுத்தமாகப் பொட்டலம் கட்டி விட்டுப்போனவரின் நோக்கத்தில் ஒரு குறையும் கிடையாது. அது சீக்கிரம் கெட்டும் போகாது. இருந்தாலும் வேண்டாம். கருவாடு, மாசிக் கருவாடு, மீன் மசாலா, முட்டை இவற்றை அலமாரியில் விடக்கூடாது என்று எழுதிவிடுங்கள். பிரிட்ஜ் கதவில் நிற்கும் பீர் பாட்டில், அலமாரிக்குப் பின்னால் ஒளித்துவைத்த கால் பாட்டில், இவற்றைப் பற்றியும் ஒரு சொல். அது தர்மத்தில் சேராது. கருப்பு வேட்டி கட்டின சாமி ஒருவர் தண்ணீர் எடுக்கப் பிரிட்ஜைத் திறந்து, அப்படியே மூடிவிட்டு வெளியே வந்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன். எனக்குத்தான் தலைகுனிவாக இருந்தது.

இனிமேல் சொல்லப்போவது உங்களில் சிலருக்குப் பிடிக்காது. சுத்தம் செய்ய வரும் அக்காக்களைப் பற்றியது.

மிச்சச் சாமான் முழுக்க அவர்களுக்குத்தான் போகிறது என்று நாம் ஒரு நினைப்பில் இருக்கிறோம். போவதும் உண்டு. "இத எடுத்துக்கிடட்டா அக்கா?" என்று கேட்டுத்தான் எடுப்பார்கள், கேட்காமல் ஒரு வெங்காயத்தைத் தொடமாட்டார்கள். பழுத்துக் கனிந்த மட்டியும் வாடின கீரையும் அவர்கள் வீட்டு ஆட்டுக்குப் போகும், ஆடு சந்தோஷமாகத் தின்னும். இதுவரை எல்லாம் நல்லது. ஆனால் வீட்டுக்காரர் ஒருவர் கூலி பேசும்போது, "அரிசி பருப்பெல்லாம் கிடைக்குதே, அதையும் சேர்த்துக்கோங்க" என்று கணக்கில் கழித்ததை என் காதால் கேட்டேன். யாரோ ஒரு பயணி விட்டுப்போன பொருளை இவர் எந்தக் கணக்கில் தன் கூலியாகக் கொடுக்கிறார்? கூலி பணமாகத்தான் இருக்கவேண்டும். மிச்சம் கிடைத்தால் கிடைக்கட்டும், கிடைக்காத வாரத்திலும் அவர்கள் வயிறு வயிறுதான்.

எதிர்ப்பக்கமும் நடக்கிறது. ஒரு பொருளையும் எடுக்கக்கூடாது, எல்லாவற்றையும் கொட்டிவிடு என்று உத்தரவு போடுகிற வீடுகள். எடுக்க விட்டால் திருட்டுப் பழகிவிடுமாம். இந்த உத்தரவால் என்ன ஆகிறது தெரியுமா? மட்கும் குப்பை, மட்காத குப்பை என்று பிரித்துக் கொடுக்காவிட்டால் வாங்கமாட்டார்கள் என்பதால், அந்த அக்கா ஒவ்வொரு பாக்கெட்டையும் பிரித்து, நல்ல பருப்பையும் நல்ல அரிசியையும் ஒரு வாளியில் கொட்டி, உறையை இன்னொன்றில் போடுகிறார். சோற்றுக்கு ஆகிற பொருளைத் தன் கையாலேயே பாழாக்கச் சொல்லி ஒருவரிடம் வேலை வாங்குகிறோம். அன்றைய வேலை முடிய ஒரு மணி நேரம் கூடிவிடும், அதற்குத் தனிக் கூலியும் கிடையாது.

என் வழி இது. திறந்த உலர் சாமான் எதுவானாலும் முதல் உரிமை சுத்தம் செய்கிறவர்களுக்கு. வேண்டுமா என்று கேட்பேன். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். கடுகெண்ணெயை அவர்களும் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள், மீன் பொரித்தால் வீடே மணக்கும் என்று புகார் வேறு. பிரிக்காத பொருள் அலமாரிக்கு. பழுதானது குப்பைக்கு. பெரிய மூட்டையாக அரிசி வந்தால் அலமாரியில் ஊறப்போடாமல், பக்கத்தில் அன்னதானம் நடக்கிற இடத்தில் கேட்டு, அவர்கள் சரி என்றால் அன்றைக்கே கொடுத்துவிடுவேன். சாமிமார் கும்பிட்டுச் சொன்னதும் அதைத்தானே.

இன்னும் ஒரு விஷயத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். முந்தின குழு விட்டுப்போன எண்ணெயையும் சீனியையும் "சமையல் பொருள் கட்டணம்" என்று போட்டு அடுத்த குழுவிடம் காசு வாங்குகிற வீடு ஒன்று எனக்குத் தெரியும். பெயர் வேண்டாம். இலவசமாக வந்த பொருளுக்கு விலை போடாதீர்கள். அதேபோல, மிச்சச் சாமான் விட்டுப்போனதைக் குப்பை என்று சொல்லி முன்பணத்தில் பிடித்துக்கொள்வதும் தப்பு, விதித் தாளில் எழுதாதவரை. எழுதிவிட்டுப் பிடியுங்கள், நான் குறுக்கே வரமாட்டேன்.

தங்க வருகிறவர்களும் இதைப் படிக்கக்கூடும், அவர்களுக்கும் கொஞ்சம். அலமாரியில் இருப்பதைத் தாராளமாக எடுத்துச் சமையுங்கள், அதற்குத்தான் இருக்கிறது. ஆனால் சமைப்பதற்குத்தான், ஊருக்குக் கட்டிக்கொண்டு போவதற்கு இல்லை. நல்லமிளகு டப்பாவைக் கவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டு போன ஒரு கனவான் ஞாபகத்துக்கு வருகிறார். நம் ஊர் மிளகும் கிராம்பும் நன்றாக இருக்கும், ஒத்துக்கொள்கிறேன், நாகர்கோவில் கடைகளில் காசு கொடுத்து வாங்கலாம். ஒரு பொருளை நீங்கள் தீர்த்துவிட்டால் திரும்ப வாங்கி வைக்கவேண்டிய கட்டாயம் கிடையாது, வைத்தால் சந்தோஷம். வாங்கும்போதே பக்கத்துப் பலசரக்குக் கடையில் கேட்டுப் பாருங்கள். பருப்பு, சீனி, மல்லி எல்லாம் சில்லறையாக நூறு கிராம், இருநூறு கிராம் நிறுத்துக் கொடுக்கிற கடைகள் இன்னும் இருக்கின்றன. சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனால்தான் கிலோ பாக்கெட்டில் மாட்டுவீர்கள். பழக்குலையைப் பற்றி ஏற்கெனவே சொல்லிவிட்டேன், சீப்பாக வாங்குங்கள்.

வீட்டுக்காரர்களே, கார்த்திகை பிறப்பதற்கு முன்னால் இதைச் செய்துவிட்டால் நல்லது. சீசன் தொடங்கிவிட்டால் ஒருவருக்கும் நேரம் இருக்காது. அடுக்களையில் ஒரு தட்டை மட்டும் ஒதுக்குங்கள், கண்ணுக்குத் தெரிகிற உயரத்தில், அடுப்புக்குப் பக்கத்தில் இல்லாமல். ஒவ்வொரு முறை வீடு கை மாறும்போதும் பார்த்துக்கொள்கிறவர் அந்தத் தட்டைச் சரிபார்க்கவேண்டும், தேதி போனது இருந்தால் எடுக்கவேண்டும். சரிபார்க்க ஆள் இல்லாத வீடு என்றால் தட்டே வேண்டாம், எல்லாவற்றையும் எடுத்துப்போகச் சொல்லிவிடுங்கள். பார்ப்பாரில்லாத அலமாரியைவிடக் காலி அலமாரி மேல்.

ஒட்டுவதற்கு நான் எழுதிவைத்திருப்பதைக் கீழே தருகிறேன். வேண்டியபடி மாற்றிக்கொள்ளுங்கள்:

"பிரிக்காத அரிசி, பருப்பு, உப்பு, சீனி, தேயிலை, எண்ணெய் மிஞ்சினால் இந்தத் தட்டில் வைத்துப் போகலாம். இங்கே இருப்பதை நீங்களும் எடுத்துச் சமைக்கலாம். பாக்கெட் பிரித்த உலர் சாமானைத் தனியாக வைத்து, சாவி வாங்க வருகிறவரிடம் சொல்லுங்கள். பிரிட்ஜில் எதையும் விடவேண்டாம், நீங்கள் போனதும் கரண்ட் அணைக்கப்படும். மீன், கருவாடு, முட்டை, மது, மருந்து, சூடம் இங்கே வைக்கவேண்டாம்."

தமிழோடு இந்தி, தெலுங்கு, மலையாளம், ஆங்கிலத்திலும் ஒட்டினால்தான் பிரயோசனம். தெலுங்குக்கும் இந்திக்கும் தெரிந்தவர்களைப் பிடித்து எழுதி வாங்கிக்கொண்டிருக்கிறேன். எழுதி முடித்ததும் நம் வீட்டுக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போடுகிறேன். வங்காளம் தெரிந்தவர் யாராவது உங்களில் இருந்தால் சொல்லுங்கள், கடுகெண்ணெயைப் பற்றி அவர்களிடம் ஒரு வரி கூடுதலாகச் சொல்லவேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
நாகர்கோவிலிலிருந்து,
உங்களைப் போன்றவர்களின் வீட்டுச் சாவிகளை வைத்திருக்கும் ஒருத்தி